தொழிலாளியைச் சிரமப்படுத்தாத தொழில்





மூஸா (அலை) அவர்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்து எகிப்தை விட்டு வெளியேறி, மத்யன் ஊரின் கிணற்றடிக்கு வந்து சேர்ந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். ஆடுகளைத் தடுத்து வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பெண்களின் தந்தை அழைத்தனுப்பினார். மகள்களில் ஒருவர் தந்தையிடம், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு வைப்பவர்களில் சிறந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர்தான் என்ற கருத்தைச் சொன்னார். கஸஸ் சூராவின் 26-வது வசனத்தில் இது வருகிறது.

இந்த வசனம் நம் முதலாளிமார்களுக்கு நன்றாகத் தெரியும். ஆள் எடுக்கும்போது நாம் எல்லோரும் தேடுவது இந்த இரண்டைத்தான். வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும், திருடாதவராக இருக்க வேண்டும். ஆனால் கண்ணியமானவர்களே, அது மகள் சொன்ன வார்த்தை. வேலைக்கு எடுக்கிற அந்தப் பெரியவர் என்ன சொன்னார்? அது அடுத்த வசனத்தில் இருக்கிறது. 26-வது வசனத்தோடு நிறுத்திவிட்டு எழுந்து போகிறவர்கள் நம்மில் அதிகம்.

27-வது வசனத்தில் அவர் தன் நிபந்தனைகளைச் சொல்கிறார். மகளை மணமுடித்துத் தருகிறேன், அதற்குப் பகரமாக எட்டு ஆண்டுகள் என்னிடம் வேலை செய்ய வேண்டும். பத்தாக நிறைவு செய்தால் அது உம்முடைய விருப்பம். இவ்வளவும் சொல்லிவிட்டு, உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை என்ற கருத்தையும் சேர்த்துச் சொல்கிறார். மஷக்கத் என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அதே வேரிலிருந்து வரும் சொல்லைத்தான் அங்கே குர்ஆன் வைத்திருக்கிறது. முஃபஸ்ஸிர்கள் இதை விளக்கும்போது, பத்து ஆண்டுதான் வேண்டும் என்று நெருக்க மாட்டேன், நேரத்திலும் வேலையிலும் துருவித் துருவிக் கணக்குப் பார்த்து உம்மை வருத்த மாட்டேன் என்று பொருள் சொல்கிறார்கள்.

இதைச் சொன்ன நேரத்தைக் கவனியுங்கள். மூஸா (அலை) ஒரு நாள்கூட இன்னும் வேலை செய்யவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. போக இடமில்லாமல், கையில் எதுவுமில்லாமல் நிற்கிற ஒரு வெளியூர் வாலிபர். என்ன நிபந்தனை போட்டாலும் ஒப்புக்கொள்ளக்கூடிய நிலை. அந்த நிலையில் இருக்கிறவரிடம் முதலாளி தானாக முன்வந்து, வேலை எவ்வளவு என்பதோடு வேலை செய்கிறவர் படும் சிரமத்துக்கும் ஒரு எல்லை வைக்கிறார். எட்டா பத்தா, மூஸா (அலை) எதை நிறைவேற்றினார்கள் என்று பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, இரண்டில் அதிகமானதைத்தான் என்று பதில் சொன்னார்கள். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. மேலதிகமான இரண்டு ஆண்டுகளை யாரும் பிடுங்கவில்லை, அது தானாக வந்தது.

இன்றைக்கு இந்த ஒரு விஷயத்தைத்தான் பேசப் போகிறோம். நம் தொழிற்கூடங்களில் வேலைக்காக மனிதன் இருக்கிறானா, மனிதனுக்காக வேலை இருக்கிறதா?

ஐரோப்பிய ஆணையம் 2021-ஆம் ஆண்டில் ‘ஐந்தாம் தொழிற்புரட்சி’ என்ற பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இயந்திரத்தின் வேகத்துக்கு மனிதனை வளைக்காதீர்கள், மனிதனை நடுவில் வைத்து அவனுக்குத் தகுந்தபடி இயந்திரத்தை அமையுங்கள் என்பது அதன் சாரம். நம் ஊர் ஷூ வாங்குகிற ஐரோப்பியக் கம்பெனிகள் இனிமேல் இதைக் கேட்கத் தொடங்குவார்கள், சிலர் இப்போதே கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதால் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆடிட் நடக்கும் அன்று காலையில் கையுறையும் முகக்கவசமும் கொடுத்து, மறுநாள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தொழுகையில் காட்டினால் அதற்கு ரியா என்று பெயர் வைக்கிறோம். தொழிலாளியின் நுரையீரலை வைத்துக் காட்டினால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுக் கரை நெடுக இருக்கும் தோல் தொழில் நம் சமுதாயத்தின் கைகளில் வளர்ந்தது. நம் பாட்டன்மார் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுக் குழியில் தோலை ஊறவைத்தார்கள். மற்றவர்கள் தொடக் கூசிய பொருளை நாம் கூசாமல் தொட்டோம். அதற்குத் தீன் நமக்குக் கொடுத்த தைரியமும் ஒரு காரணம். மைமூனா (ரலி) அவர்கள் வீட்டைச் சேர்ந்த ஒரு பணிப்பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஆடு செத்துக் கிடந்தபோது, இதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். தங்கள் செருப்பைத் தாங்களே தைத்தவர்கள். உம்முல் முஃமினீன் ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தங்கள் கையால் தோல் பதனிட்டு, தைத்து, அதில் வந்த வருமானத்தை ஸதகா செய்தவர்கள் என்று அறிவிப்புகளில் வருகிறது. விசுவாசிகளின் தாயார் ஒருவர் தோல் தைத்திருக்கிறார்கள் என்றால், கம்பெனி பஸ்ஸில் காலையில் வந்து இறங்கி அப்பர் தைக்க உட்காருகிற பெண்ணை நாம் எந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்?

1970-களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்திய பிறகு இந்தத் தொழில் முழுத்தோலுக்கும், பிறகு ஷூ அப்பருக்கும், பிறகு முழு ஷூவுக்கும் மாறியது. டேனரியில் ஆண்கள் இருந்த இடத்தில், ஷூ கம்பெனி லைனில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். பெரும்பாலும் நம் மார்க்கத்தைச் சேராதவர்கள். டேனரிக்குள்ளே இன்று வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். மத்யன் கிணற்றடியில் வந்து நின்ற வெளியூர்க்காரரின் நிலையில்தான் அவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஹஜ்ரத், எங்களுடையது சின்னக் கம்பெனி, இதெல்லாம் பெரிய கம்பெனிகள் பேச வேண்டிய பேச்சு’ என்று சிலர் சொல்வார்கள். 2025 ஏப்ரல் முதல் அரசுக் கணக்கில் ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய் வரை உள்ளதும் நடுத்தர நிறுவனம்தான். எனவே நம்மில் ஏறக்குறைய எல்லோரும் சிறு, நடுத்தர முதலாளிகள்தான். உண்மையில் பொறுப்பு சிறியவருக்குத்தான் கனமாக இருக்கிறது. பத்தாயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் முதலாளிக்குத் தொழிலாளியின் பெயர் தெரியாது. அறுபது பேர் வேலை செய்கிற இடத்தில் யாருடைய மகளுக்கு டெங்கு, யாருடைய வீட்டுக்காரர் குடிக்கிறார் என்பது வரைக்கும் தெரியும். தெரியாது என்று சொல்ல முடியாத இடத்தில் அல்லாஹ் உங்களை வைத்திருக்கிறான்.

இன்னொரு வாதமும் உண்டு. படித்தவர்கள் சொல்வது. அல்லாஹ்வே சிலரைச் சிலரை விட அந்தஸ்தில் உயர்த்தியிருக்கிறான், ஒருவரை ஒருவர் வேலைக்கு வைத்துக்கொள்வதற்காகத்தான் என்று ஸுக்ருஃப் சூராவின் 32-வது வசனம் சொல்கிறதே, பிறகு தொழிலாளி கருவியாக இருப்பதில் என்ன தவறு என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி, இதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அந்த வசனம் ஒரு பக்கமாக ஓடவில்லை. ஒருவர் மற்றவருக்குப் பயன்படும்படி என்றுதான் வருகிறது. ஹெல்ப்பர் இரண்டு பேர் வராத அன்று உங்கள் டிரம் சுற்றாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்கு யார் யாருக்குத் தேவைப்பட்டார்கள்?

ஃபிக்ஹ் இதை இன்னும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. கூலி ஒப்பந்தத்துக்கு இஜாரா என்று பெயர். அதில் விற்கப்படுவது மன்ஃபஅத், அதாவது உழைப்பின் பயன். மனிதன் விற்கப்படுவதில்லை. எட்டு மணி நேரத்து வேலையை நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். அவருடைய முதுகெலும்பையோ, கண் பார்வையையோ, மூச்சையோ, மானத்தையோ வாங்கவில்லை. அவை விலைக்கு வரவில்லை. வேலை முடிந்து அவர் வெளியே போகும்போது அவை எப்படி வந்தனவோ அப்படியே போக வேண்டும். குறைந்து போனால், கூலி கொடுக்காத ஏதோ ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம். வேலைக்கு ஆள் வைத்து, முழு வேலையும் வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதாடுவதாக அல்லாஹ் சொல்கிற ஹதீஸ் குத்ஸியைக் கேட்டு நடுங்குகிறோம். சம்பளம் ஒன்றாம் தேதியே போட்டுவிட்டோம், நமக்கு இல்லை அது என்று தைரியப்படுகிறோம். மூச்சுக்கு யார் சம்பளம் போட்டது?

மூச்சு என்று சொன்னதை அலங்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷூ ஒட்டும் சொல்யூஷனில் இருக்கிற கரைப்பான்களில் ஹெக்சேன் என்று ஒன்று உண்டு. ஜப்பானில் 1960-களில் செருப்பு ஒட்டும் வேலை செய்தவர்களுக்குக் கை, கால் விரல்கள் மரத்துப்போய், நடக்கவே தள்ளாடும் நிலை வந்தது. ஆராய்ந்து பார்த்தபோது பசையிலிருந்த ஹெக்சேன் ஆவி நரம்பைத் தின்றிருந்தது. காற்றோட்டமில்லாத சின்ன அறையில் உட்கார்ந்து ஒட்டியவர்கள் அவர்கள். உங்கள் கூடத்தில் பசை ஒட்டும் மேசை எங்கே இருக்கிறது? ஜன்னலோரமா, மூலையிலா? ஆவியை அவர் முகத்தைத் தாண்டாமல் இழுத்து வெளியே தள்ளுகிற விசிறி இருக்கிறதா, அல்லது தலைக்கு மேலே சுற்றி அதே ஆவியை அறை முழுவதும் பரப்புகிற ஃபேன் இருக்கிறதா? தண்ணீரில் கரைத்த பசைகளும் வந்துவிட்டன. விலை கூடுதல், காய நேரமும் கூடுதல். அந்தக் கூடுதலை இப்போது யாருடைய நரம்பு கட்டிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் யோசியுங்கள்.

டேனரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். மயிர் நீக்க சோடியம் சல்ஃபைடு போடுகிறீர்கள். அந்தக் கழிவோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு எழும்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைத்து இறங்குகிறவர் மேலே வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் வருவதில்லை. தொட்டிக்குள் மனிதனை இறக்காமல் பம்பு வைத்துச் சுத்தம் செய்ய என்ன செலவு ஆகுமோ, அது தொழிலின் செலவு. அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் அந்தத் தொழிலே கட்டுப்படியாகவில்லை என்றுதான் பொருள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சகதித் தொட்டியின் சுவர் நள்ளிரவில் இடிந்து, பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். யூப்ரடீஸ் நதிக்கரையில் ஓர் ஆட்டுக்குட்டி செத்தாலும் என்னைக் கேட்பானே என்று உமர் (ரலி) அஞ்சினார்கள் என்று மிம்பர்களில் நாம் சொல்லிவருகிறோம். யூப்ரடீஸ் தூரம். பாலாறு பக்கத்தில் இருக்கிறது. தொழிலாளி இரவில் எங்கே தூங்குகிறார் என்பதும் முதலாளி அறிய வேண்டிய விஷயம். தொழிற்கூடத்துக்குள்ளேயே, இரசாயனத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரிக்கிறார் என்றால் அதை இந்த வாரமே மாற்றுங்கள்.

கண்ணியமானவர்களே! உங்கள் ஊழியர் உங்கள் சகோதரர்கள், அல்லாஹ் அவர்களை உங்கள் கைக்குக் கீழே வைத்திருக்கிறான், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களிடம் சொன்ன ஹதீஸ் பிரபலமானது. கடைசிப் பகுதியைப் பாருங்கள். ஏற்றுமதிக் கப்பலுக்கு நேரமாகிவிட்டது, இன்று ராத்திரி பத்து மணி வரை ஓட வேண்டும் என்ற நிலை தொழிலில் வரும். வரவே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. வந்தால் நீங்களும் அங்கே நில்லுங்கள் என்கிறது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து கேமராவில் பார்ப்பது கூட நிற்பதாகாது. அட்டைப் பெட்டி மடித்துக் கொடுங்கள். டீ ஊற்றிக் கொடுங்கள். கந்தக் அகழ் வெட்டும்போது மண் சுமந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். தொழிலாளியோடு சேர்ந்து அரைமணி நேரம் நின்று பார்த்த முதலாளிக்கு, எந்த மேசை உயரம் சரியில்லை, எந்த இடத்தில் குனிந்து குனிந்து இடுப்பு போகிறது என்று யாரும் அறிக்கை எழுதித் தர வேண்டியதில்லை.

நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். 30-க்கு மேல் பெண்கள் வேலை செய்தால் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். 29 பெண்களோடு நிறுத்திக்கொண்டு, மீதியைக் கான்ட்ராக்டர் பெயரில் காட்டுகிற கெட்டிக்காரத்தனம் நம்மிடம் உண்டு. சனிக்கிழமை மீன் பிடிக்கத் தடை செய்யப்பட்டபோது வெள்ளிக்கிழமையே வலை கட்டி வைத்தார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் சொல்லும் கூட்டத்தாரின் கதி என்ன ஆனது என்று தெரிந்த சமுதாயம் இந்தத் தந்திரத்தைச் செய்யலாமா?

சில தொழிற்கூடங்களில் கழிவறைக்குப் போக டோக்கன் முறை இருக்கிறது. ஒரு லைனுக்கு ஒரு டோக்கன். ஆண் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்கள் உண்டு. அதன் விளைவு என்ன என்பதை நம் ஊர் லேடி டாக்டர்களைக் கேளுங்கள். இதைச் சரிசெய்ய ஐந்தாம் தொழிற்புரட்சி வர வேண்டியதில்லை. டோக்கனைத் தூக்கிக் குப்பையில் போட்டால் போதும். நமக்கு மார்க்கம் ஒளூவுக்கும் சுத்தத்துக்கும் கொடுத்த முக்கியத்துவத்தை நினைத்தால், ஒரு மனிதரின் சிறுநீரை இன்னொருவர் அனுமதிக்குள் வைப்பது எவ்வளவு கேவலம் என்று புரியும். பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன், இதற்கு மேல் மென்மையான வார்த்தை கிடைக்கவில்லை.

தொழிலாளிக்குப் புத்தி இருக்கிறது என்று ஒத்துக்கொள்வதும் இதில் சேரும். டொயோட்டா என்ற கார் கம்பெனிக்கு முன்னோடியான சகிச்சி டொயோடா ஒரு தறி செய்தார். நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அதுவரை ஒவ்வொரு தறிக்கும் பக்கத்தில் நூல் அறுகிறதா என்று மனிதன் காவல் நிற்க வேண்டியிருந்தது. பிறகு அவர்களுடைய கார்த் தொழிற்சாலையில் லைன் ஓரமாகக் கயிறு கட்டினார்கள். தவறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுத்து எச்சரிக்கலாம், தேவைப்பட்டால் லைனே நிற்கும். நிறுத்தினாய் என்று திட்டு விழாது. பிரமாதமான தொழில்நுட்பம் எதுவும் இல்லை, ஒரு கயிறுதான். ஆனால் அந்தக் கயிற்றைக் கட்ட, கீழே இருக்கிறவருக்கு மேலே இருக்கிறவரை விட ஒன்று கூடுதலாகத் தெரிந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் மனம் வேண்டும். கந்தக்கில் அகழ் வெட்டலாம் என்று யோசனை சொன்னவர் ஸல்மான் ஃபார்ஸி (ரலி). மதீனாவில் ஒருவரிடம் அடிமையாகப் பேரீச்சந்தோட்டத்தில் உழைத்தவர். வெளிநாட்டுக்காரர். அவருடைய யோசனை ஏற்கப்பட்டு மதீனா காப்பாற்றப்பட்டது. உங்கள் கட்டிங் மாஸ்டருக்கு, தோல் எந்தப் பக்கம் வெட்டினால் மிச்சமாகும் என்று தெரியும். கடைசியாக அவரிடம் எப்போது கேட்டீர்கள்?

இனி முதலாளியின் பக்கம். அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஜாப் ஒர்க் செய்கிற சிறு முதலாளி தூக்கமில்லாமல் கிடக்கிறார். மின்கட்டணம், வங்கித் தவணை, மூலப்பொருள் விலை. எல்லாவற்றுக்கும் மேல், பெரிய ஏற்றுமதியாளர் பில்லை மூன்று மாதம், நான்கு மாதம் இழுக்கிறார். 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும். தராமல் வைத்திருந்தால் அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் காட்டி வரி குறைத்துக்கொள்ள முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். இருந்தும் இழுக்கிறோம். வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் அடுத்தவரைப் பற்றியது என்று நினைக்கிறோம். சகோதரரே, முதல் ஸஃப்பில் இருக்கிற பெரிய முதலாளி கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கும் செக்தான், கடைசி ஸஃப்பில் நிற்கிறவருடைய வீட்டில் பால் வாங்காத நாள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்னது நேரடியாக வேலை வாங்குகிறவருக்கு மட்டும்தான் என்று எங்கே எழுதியிருக்கிறது?

சமைத்த உணவைப் பணியாள் கொண்டு வந்து வைத்தால், அவரைக் கூட உட்கார வையுங்கள், முடியாவிட்டால் ஒன்றிரண்டு கவளமாவது கொடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது காரணமும் சேர்த்துச் சொன்னார்கள். அடுப்புச் சூட்டைத் தாங்கியவர் அவர்தான் என்பதே அந்தக் காரணம். அவருக்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று அங்கே விட்டுவிடவில்லை. சூட்டைத் தாங்கியவருக்கு விளைவில் ஒரு பங்கு இருக்கிறது. ஆர்டர் நல்லபடியாகப் போன வருடத்தில் போனஸைச் சட்டம் சொல்கிற குறைந்தபட்சத்திலேயே நிறுத்திக்கொள்வதா என்று முடிவு செய்யும்போது இந்த ஹதீஸையும் மேசையில் வையுங்கள். அவர் தீபாவளிக்கு வாங்குகிறார் என்பதால் ஹக் குறையாது. ஹிஜ்ரத் பயணத்துக்கு வழிகாட்டக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் முஸ்லிம் அல்லர். நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவர் நோயுற்றபோது, நேரில் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தார்கள். உங்கள் லைனில் வேலை செய்கிற பெண் ஒரு வாரமாக வரவில்லை என்றால் ஆப்சென்ட் போடுவதற்கு முன் ஒரு ஃபோன் செய்யலாமே.

கடைசியாக, தொழிலதிபர்கள் அடிக்கடி தனியாக வந்து கேட்கிற இரண்டு மஸ்அலாக்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, தையலில் அப்பர் கெட்டுப்போனால், ஊசி உடைந்தால், சம்பளத்தில் பிடிக்கலாமா? நம் ஹனஃபி ஃபிக்ஹில் கூலியாள் இரண்டு வகை. உங்களுக்கு மட்டும் குறித்த நேரம் வேலை செய்கிறவர் அஜீர் காஸ். தையல் கடைக்காரர், சலவைக்காரர் மாதிரி எல்லோருக்கும் வேலை செய்து, முடித்த வேலைக்குக் கூலி வாங்குகிறவர் அஜீர் முஷ்தரக். உங்கள் கம்பெனியில் எட்டு மணிக்குக் கார்டு தட்டிவிட்டு உட்காருகிறவர் அஜீர் காஸ். வேண்டுமென்றே கெடுத்தாலோ, அத்துமீறினாலோ தவிர, அவர் கையில் கெட்டுப்போனதற்கு அவர் மேல் நஷ்டஈடு இல்லை. ஆகவே பிடிக்கக் கூடாது. பீஸ் ரேட் என்று சொல்லி அபராதம் பிடிப்பதும், அதே ஆளை நேரத்துக்கு வரவில்லை என்று அரைநாள் வெட்டுவதும் சேர்ந்து நடக்கிறது. நேரத்தை வாங்கியவருக்கு உள்ள வசதி, பொருளை வாங்கியவருக்கு உள்ள வசதி, இரண்டையும் ஒரே ஆளிடம் எடுக்க முடியாது.

இரண்டாவது, கரண்ட் இல்லை, அல்லது தோல் வந்து சேரவில்லை. காலையில் வந்தவர்களைப் பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். சம்பளம் உண்டா? உண்டு. அஜீர் காஸ் குறித்த நேரத்தில் வந்து தன்னை ஒப்படைத்துவிட்டால், நீங்கள் வேலை கொடுக்காவிட்டாலும் கூலிக்கு உரியவராகிவிடுகிறார். கரண்ட் போனது அவருடைய குற்றம் அல்ல. இந்த மாதத்தில் அப்படி வெட்டியிருந்தால், சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் அக்கவுண்டன்டிடம் சொல்லி அந்த நாட்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். முந்தைய மாதங்களில் வெட்டியது இருந்தால் வருகைப் பதிவேடு உங்களிடமே இருக்கிறது. வேலையை விட்டுப் போனவர்களின் பாக்கியையும் பார்த்து, ஊர் விலாசம் தெரிந்தவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.